இதுலதான் ஓடணும்

"இதுல கேம் ஆடணுமா? ஐயா, இது மூச்சு விடுறதே பெரிய விஷயம்."

சர்வீஸ் கடைக்காரர் அந்தப் பழைய கம்ப்யூட்டரை மேஜை மேல் சாய்த்துப் பார்த்தார். பெட்டியின் ஒரு பக்கத் தகடு நசுங்கி, உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. மூடியைத் திறந்தால் தலையணை தைக்கிற அளவுக்குத் தூசி. கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒன்று பேருக்குக்கூட இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, 'ஹா' என்று வாயால் ஊதி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பார்த்துச் செய்ங்க தம்பி. ஒரு காலனி பூரா பேயா அலையுமாமே, அந்த கேம்தான் வேணும்."

கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுவா? இப்ப எங்க போனாலும் அதே பேச்சுதான். ஒத்தை ஆளா உட்கார்ந்து பண்ணியிருக்கான் ஐயா. அதுல மழை பேஞ்சா நம்ம சட்டை நனைஞ்ச மாதிரி இருக்கும். நானே பாதிதான் தாண்டியிருக்கேன். யார் பெத்த பிள்ளையோ, அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்."

பெரியவர் முன்னுக்குச் சாய்ந்தார். "அதுல ஒரு வாட்ச்மேன் வர்றானாம். தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணு சொன்னுச்சு. மேல கேட்டா, நீங்களே பாருங்கன்னுட்டுது. அவன் நல்லவனா கெட்டவனா, அது எனக்குத் தெரியணும்."

"அவ்வளவுதானே? என் மெஷின்லயே போட்டுக் காட்டிடறேன்."

"வேணாம் தம்பி. இதுலதான் ஓடணும்."

வந்து வாய்த்தார் பார் காலங்கார்த்தால என்று மனசுக்குள் முணுமுணுத்தபடி கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தூசியை ஊதித் தள்ளினார். பிராசஸர் மேல் காய்ந்து போயிருந்த, சூடு தணிக்கிற பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினார். டிராயரில் கிடந்த பழைய ரேம் ஒன்றைத் தேடிச் சொருகினார். கேமை ஏற்றி, தான் பாதியில் விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டதும் படம் நொண்டியது. பேய் ஒன்று கையை ஓங்கியது. படம் அப்படியே நின்றது. திரும்ப அசைந்தபோது கதாநாயகப் பையன் செத்துக் கிடந்தான்.

"நிழலை எடுத்துட்டா கொஞ்சம் பாரம் குறையும்."

"எடுங்க."

"புல்லு, மரம்?"

"எடுங்க."

"மழை?" கேட்கும்போதே கடைக்காரருக்கு மனசு வரவில்லை.

"அதையும் எடுத்துடுங்க. வாட்ச்மேன் இருந்தாப் போதும்."

எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. அப்படியும் தெருமுனை தாண்டுவதற்குள் பையன் செத்துச் செத்துப் பிழைத்தான். கடைக்காரருக்கு அலுத்துவிட்டது.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. இந்த கேம்ல பெரியவங்க அத்தனை பேரும் பேயா மாறிடுறாங்க. அந்தப் பையனோட டீச்சரே பேயாத்தான் வருது. வாட்ச்மேன் மட்டும் என்ன, அவனும் பேயாத்தான் இருப்பான்."

பெரியவர் முகம் வாடிப் போனது. மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருந்தா இருக்கட்டும். அப்படி இருந்தாலும் நான் பார்க்கணும்."

அந்தக் குரலுக்காகவே கடைக்காரர் திரும்பவும் செட்டிங்ஸைத் திறந்து துழாவினார். அடியோ அடியில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில், இன்னும் ஒரு படி இருந்தது. கார்டே இல்லாத அரதப் பழசான மெஷினுக்கென்றே தனியாக ஒன்று. அதைப் போட்டார். வீடுகள் வெறும் பெட்டிகளாயின, பேய்கள் மரப்பொம்மைகளாயின. ஆனால் படம் தண்ணீர் மாதிரி ஓடியது.

கடைக்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அடேயப்பா. இந்தக் காலத்துல இப்படி ஒரு டப்பாவுல யாரு ஆடப் போறா? அதுக்கும் மெனக்கெட்டு எழுதி வச்சிருக்கானே. இந்த மெஷினை அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குதே ஐயா."

பெரியவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பையன் தெரு நெடுக ஓடினான். பேய்க் கூட்டம் பின்னாலேயே வந்தது. தெரு முடிகிற இடத்தில் ஒரு இரும்பு கேட். அதன் ஓரம் ஸ்டூலில் வாட்ச்மேன், மடியில் தடி. கேமைச் செய்தவன் ஊரையே மரப்பொம்மையாக்கியும் அந்த முகத்தை மட்டும் தொடவே இல்லை. சுருக்கம், நரை, எல்லாம் அச்சாகத் தெரிந்தன.

வாட்ச்மேன் எழுந்தார். தடியைத் தூக்கினார். பெரியவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

தடி பையனைத் தாண்டிப் பின்னால் நீண்டது. பேய்கள் சுவரில் முட்டினாற்போல் நின்று, ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. கேட் மூடியது. திரை மூலையில் பையனின் உயிர் அளவைக் காட்டும் கோடு மளமளவென்று நிறைந்தது.

"வந்துட்டியா? நான் இருக்கேன்ல. உள்ள போய்த் தூங்குப்பா" என்றார் வாட்ச்மேன்.

"இந்த கேம்லயே பேய் அண்டாத ஒரே இடம் இதுதான் போலிருக்கு ஐயா," என்றார் கடைக்காரர் வாயைப் பிளந்து. "நல்லவன்தான். தங்கமான ஆளு."

திரையில் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். 'ஹா' என்று ஊதி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

கடைக்காரரின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது. மெல்லத் திரும்பிப் பார்த்தார். அதே நரை, அதே சுருக்கம். பெரியவரின் உள்ளங்கை அந்தத் தகட்டுப் பள்ளத்தின் மேல் இருந்தது.

"இதைத் தூக்கி வாசல்ல எறிஞ்ச அன்னிக்கு, இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதேன்னும் சொன்னேன்" என்றார் பெரியவர். "யார் பெத்த பிள்ளையோன்னு கேட்டீங்களே தம்பி, நான் பெத்ததுதான்."