நடுவில் படுத்திருந்த காற்று

மலை செல்போன் டவரின் டிஷ்ஷும் கடற்கரை டவரின் டிஷ்ஷும் எந்நேரமும் நேருக்கு நேர் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பவை. ஒருநாள் விடியலில் காற்று கீழே குளிர்ந்தும் மேலே சூடாகவும், அசையாமல் படுத்துக் கிடந்தது. அதற்குள் நுழைந்த பேச்செல்லாம் வளைந்து, பாதி தரையில் விழுந்தது.

"என்ன முனகுற? வாயைத் திறந்து பேசேன்!" என்றது மலை டிஷ்.

"நீதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட. இனிமே உன்கூடப் பேச்சே கிடையாது!" என்றது கரை டிஷ்.

வெயில் ஏறியதும் காற்று எழுந்து சோம்பல் முறித்தது. பேச்சு தெளிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் டெக்னீஷியன் வந்து, இரண்டு டிஷ்ஷின் போல்ட்டுகளையும் முறுக்கிவிட்டுப் போனார்.

"எனக்குச் சும்மா தூசி தட்டினாரு. உன்னைத்தான் ரிப்பேர் பண்ணியிருக்காரு" என்றன இரண்டும், ஒரே குரலில்.

"சண்டையா?" என்றது காற்று. "நடுவுல நான் பாட்டுக்கு அசையாமத்தானே கிடந்தேன்!"