காற்று வரும் பக்கம்

"மூணு பக்கமும் திறந்து வுடுங்க மேடம். நாலாம் நம்பர் மலைப் பக்கம் மட்டும் பலகை அடிச்சிருங்க. காத்து அங்கேருந்துதான் வரும்," என்றாள் கொழுந்து பறிக்கும் குமுதா.

சுற்றுலாப் பயணிகள் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க, மேட்டில் ஒரு சின்ன மரக்கூடம் கட்டக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள் கட்டட வடிவமைப்பாளர் தர்ஷினி.

"அந்தத் தேயிலைச் சரிவுப் பக்கந்தானே அழகா இருக்கு, அக்கா?"

"அழகுதான் லா. ஆனா தொப்பி பறந்துடும். இருபது வருசமா இங்க நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

அனுபவத்துக்கு மரியாதை கொடுத்துத் தர்ஷினி வரைபடத்தைத் திருத்தினாள்.

திறப்பு நாளன்று காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. மூன்று தொப்பிகள் கீழே ரிங்லெட் ஊர்ப் பக்கமாகப் பறந்தன.

கங்காணி வீரய்யா பலகையைத் தட்டிப் பார்த்து நொந்துகொண்டார். "இதை ஏன் மேடம் மூடுனீங்க? மேனேஜர்கிட்ட கெஞ்சி இந்த மேட்டுல கட்டச் சொன்னதே நான்தான். முட்டி வலியோட ஏறி இறங்காம, நாலாம் நம்பர்ல யாரு பறிக்கிறா, யாரு கதை பேசுறான்னு இங்கேருந்தே பாத்துக்கலாம்னு இருந்தேன்!"

தர்ஷினி விறுவிறுவென்று நாலாம் நம்பருக்கு இறங்கினாள். செடிகளுக்கு நடுவே குமுதா கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து, தோழிகளுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏமாத்திட்டீங்களே அக்கா! கங்காணின்னா அவ்வளவு பயமா?"

"என் வீட்டுக்காரருக்கு நான் ஏன் மேடம் பயப்படணும்?" குமுதா அவளுக்கும் ஒரு குவளை நீட்டினாள். "வீட்டுலதான் எந்நேரமும் அவரு கண்ணு முன்னால நிக்கிறேன். வேலைக்கு வந்த இடத்துலயாவது கொஞ்சம் ஓய்வு வேணாமா?"