ஞாயிற்றுக்கிழமை அட்டெண்டன்ஸ்

ரிச்சர்ட்ஸ் டவுன் நோயல் வாத்தியார் வீட்டிலும் வாத்தியார்தான். ஞாயிறன்று சர்ச் முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் மகள் நோராவின் பேரை வாசிப்பார், அடுத்து மனைவி ஆஞ்சலாவின் பேரை. "பிரசன்ட் சார்" என்றால்தான் சோறு. பதில் வரத் தாமதமானால், "லீவு லெட்டர் எங்கம்மா?" என்பார்.

1994-இல் அவரை அடக்கம் செய்த நாளிலிருந்து ஏழு வயது நோரா வாயே திறக்கவில்லை. ஆஞ்சலா காட்டாத டாக்டர் இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் குழம்பு ஊற்றும்போது நோரா நிமிர்ந்து, "பிரசன்ட் சார்" என்றாள்.

ஆஞ்சலா கரண்டியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். "பேசிட்டியாடி கண்ணு! இன்னொரு வாட்டி சொல்லு."

"நான் சொல்லிட்டேன்மா. உன்னத்தான் கூப்டுனே இருக்காரு. ஆப்சென்ட் போட்டுடப் போறாரு."

ஆஞ்சலா மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். தெருவில் ஆட்டோ போகும் சத்தம்தான் கேட்டது. ஆனாலும் எழுந்து நின்றாள்.