பின்னால யாரு பாக்கப் போறா?

"புள்ள வர்ற நாளும் அதுவுமா சலூன்ல வந்து உக்காந்திருக்கீங்களே அண்ணி, உங்களுக்கே நல்லாருக்கா?"

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்திலேயே கேட்டாள் விவியன். கையில் கோழிப் பிரட்டல் டப்பா. காம்பாரிலிருந்து பஸ் பிடித்து சிலிபினுக்கு வந்தால் அண்ணி வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டுப் பெண்தான் சலூனைக் கை காட்டினாள்.

நாற்காலியில் கத்தரின். தலை முழுக்கச் சாயம், அதன் மேல் பிளாஸ்டிக் தொப்பி. விவியனின் அண்ணன் மரியஜோசப்பின் மனைவி. அண்ணன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

"உக்காரு விவியன். கழுவிட்டா முடிஞ்சிரும்."

"பாக்கெட் வாங்கி வீட்டுலேயே அடிச்சுக்குவீங்க. இப்ப என்ன புதுசா சலூனு? அண்ணன் இருந்தப்பகூட இங்கெல்லாம் வந்ததில்லையே!"

"அவரு இருந்தாரு. சலூன் எதுக்கு?"

விவியனுக்கு ஒரு பழக்கம். பதில் காதில் விழும் முன்பே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவாள்.

"ரோய்ஸ்டன் எப்ப வாரான்?"

"அஞ்சு மணி ரயிலு."

ரோய்ஸ்டன் கத்தரினின் ஒரே மகன். தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை; வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவான். போன வருடமே நியூசிலாந்தில் நல்ல வேலை கிடைத்து, பெட்டியும் கையுமாக பஸ் நிலையம் வரை போனவன்தான். என்ன நினைத்தானோ, பஸ் ஏறாமல் அம்மாவோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டான். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. தாய்ப்பாசம் என்று விவியன் காம்பார் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டாள்.

இப்போது அதே கம்பெனி மறுபடியும் கூப்பிட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விமானம்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல அண்ணி. போகாதய்யான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இருந்துருவான். தலைய இப்படிக் கறுகறுன்னு ஆக்கிட்டு நின்னா, அம்மா ஜம்முன்னு இருக்காங்கன்னு நெனச்சுக் கெளம்பிருவான்லா. புள்ள போறது உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா?"

சலூன்காரப் பெண் தினேஸ்வரி கத்தரினை எழுப்பித் தலை கழுவக் கூட்டிப் போனாள்.

விவியனுக்கு ஆறவில்லை. அண்ணன் வாழ்ந்த வாழ்க்கை என்ன, அண்ணி இப்போது ஆடுகிற ஆட்டம் என்ன!

தலையைக் காய வைத்து, முன்னால் இருந்த பெரிய கண்ணாடியைக் காட்டினாள் தினேஸ்வரி.

"பாருங்க ஆன்ட்டி, பத்து வயசு கொறஞ்சிருச்சு."

கத்தரின் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முன்னால கெடக்கட்டும்மா. பின்னால காட்டு."

தினேஸ்வரி கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தாள்.

"இன்னும் கீழ. கழுத்துகிட்ட. கொண்டை போட்டா அந்த இடந்தான் தெரியும்."

விவியனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"இந்த வயசுல உங்களப் பின்னால யாரு அண்ணி பாக்கப் போறா?"

"ரோய்ஸ்டன்."

விவியன் விழித்தாள்.

"உங்க அண்ணன் இருந்தவரைக்கும் சனிக்கிழமையில என்னை உக்கார வெச்சுப் பின்னால அவருதான் அடிச்சு விடுவாரு. ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் வெட்டுன கையாச்சே, கழுத்துல ஒரு சொட்டு படாது. அவரு வெரலுதான் கறுப்பாயிரும். மறுநாள் கோயில் பூசையில நன்மை அப்பம் வாங்கக் கைய நீட்டுவாரு, ஃபாதர் பாத்துச் சிரிப்பாரு."

கத்தரினும் சிரித்தாள். கண் மட்டும் நனைந்திருந்தது.

"அவரு போனப்புறம் நானே அடிச்சுக்கிட்டேன். முன்னால எட்டுச்சு, பின்னால எட்டல. பஸ் ஸ்டாண்டுல கெளம்பும்போது ரோய்ஸ்டன் என்னைக் கட்டிப்பிடிச்சான். ஒசரமா இருக்கானா, பின்னால பாத்துட்டான். பூரா வெள்ளை. 'பின்னால அடிச்சு விடக்கூட யாரும் இல்லையாம்மா'ன்னு கேட்டான். அவ்வளவுதான், பெட்டியத் திருப்பித் தூக்கிட்டு வந்துட்டான்."

விவியன் மெல்ல உட்கார்ந்தாள்.

"அன்னைலேர்ந்து அவன்தான் அடிச்சு விடுறான். அவங்கப்பா மாதிரியே. அந்தக் கை தலையில படுறதுக்கே சீக்கிரம் நரைக்கக் கூடாதான்னு இருக்கும் எனக்கு."

"அப்ப இருக்கச் சொல்லுங்களேன் அண்ணி!"

"வாய் வரைக்கும் வருது விவியன். வெள்ளிக்கிழமை அவன் வாசல் கேட்டத் தெறக்குற சத்தத்துக்குத்தான் வாரம் பூரா காத்துக் கெடக்கேன். ஆனா சொன்னா இருந்துருவானே. ஒருக்கா எனக்காக இருந்துட்டான். ரெண்டாவது தடவையும் பிடிச்சு வெச்சேன்னா நான் என்ன தாயி? ஞாயித்துக்கிழமை கட்டிப்பிடிக்கும்போது மொதல்ல அங்கதான் பாப்பான். அம்மாவுக்குச் சலூன் இருக்கு, நம்ம போலாம்னு அவனுக்குத் தோணணும்."



விவியன் எழுந்தாள். தினேஸ்வரியின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கினாள். அண்ணியின் பின்னந்தலையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். கண்ணீர் மறைத்ததால் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"தங்கச்சி, காதுக்குப் பின்னால கொஞ்சம் வெள்ளை தெரியுது பாரு. அதையும் அடிச்சு விட்டுரும்மா."