பதிமூன்றே கால் மணி நேரம்

டிக்கெட் அக்காவின் காதில் யாரும் பூ சுற்ற முடியாது. விமான டிக்கெட் கவுன்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து பழம் தின்று கொட்டை போட்டவர். ஓய்வு பெற்ற பிறகு, குடியிருக்கும் மூன்றாவது மாடியையே கவுன்டர் ஆக்கிக்கொண்டார். அவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கூரியர்காரர்கூடத் தப்ப முடியாது.

அன்று காலை பத்து மணிக்கு எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மூன்று மாதம் முன்பு குடிவந்த இளம் தம்பதி வெளிநாடு போயிருந்தார்கள். உள்ளே யாரோ ஒரு பெரியவர் டி.வி.யைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் திக்கென்றது. போலீஸ் நம்பரை அழுத்தத் தயாராகப் போனைப் பிடித்தபடி, நீங்கள் யார் என்று அதட்டினார்.

பெண்ணின் அப்பா என்றார் அவர். பிள்ளைகள் இன்றைக்குத் திரும்பி வருகிறார்கள். அதற்குள் பழைய சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிது போட்டு அசத்தப் போகிறாராம். கீழே வேன் நிற்கிறதாம்.

இந்தக் கதை அக்காவிடம் எடுபடுமா? எத்தனை கிலோமீட்டர் பயணம் என்று கேட்டார். பதினோராயிரத்து இருநூறு என்று டக்கென்று பதில் வந்தது. அக்கா விடவில்லை.

"அப்படின்னா பதினாலரை மணி நேரமாச்சே?"

"அது போறப்போம்மா. வர்றப்போ காத்து பின்னாலேர்ந்து தள்ளுமில்ல, பதிமூணே கால்தான். பன்னெண்டு பத்துக்கு இறங்கிடுவாங்க."

சொன்னதோடு, போனில் வரைபடத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த குட்டி விமானத்தையும் காட்டினார். அக்கா உருகிப் போனார். விமானத்தில் ஏறுகிறவர்களுக்கே இந்தக் கணக்குத் தெரியாது. வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிற பெற்றவர்களுக்குத்தான் தெரியும். கவுன்டரில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்!

திடீரென்று பெரியவர் முகம் வெளிறியது. விமானம் இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுமாம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு. பாவம், ஒண்டி ஆள்.

அக்கா களத்தில் இறங்கினார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரையும் கிளப்பினார். நமக்கேன் வம்பு என்று முனகிய மனிதர், ஒரே முறைப்பில் வாஷிங் மெஷினின் மறுபக்கத்தைப் பிடித்தார். பதினொன்றே முக்காலுக்கு வீடு துடைத்துவிட்டதுபோல் ஆனது. புதிய சாமான்களோடு வந்துவிடுகிறேன் என்று கண்கலங்கக் கும்பிட்டுவிட்டுப் பெரியவர் வேனில் ஏறினார்.

ஒரு மணிக்குப் பெண் முதல் ஆளாக மேலே வந்தாள். கதவைத் திறந்தவள் காலி வீட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அக்காவுக்கு ரகசியத்தை அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"பயந்துடாதேம்மா, புதுசெல்லாம் வந்துக்கிட்டே இருக்கு. எல்லாம் உங்கப்பா ஏற்பாடு."

"எங்கப்பாவா? அவரைக் கூட்டிட்டு வரத்தானேக்கா நாங்க போனதே" என்றாள் அவள், கணவனின் கையைப் பிடித்தபடி லிஃப்டிலிருந்து மெதுவாக வெளியே வந்த முதியவரைக் காட்டி.