ஐந்து வருடச் சலுகை

என் கார் இன்ஷூரன்ஸில் இரண்டாவது ஓட்டுநராக என் மகன் ரோட்ரியின் பெயரையும் சேர்த்திருந்தேன். ஐந்து வருடம் அவன் விபத்தே இல்லாமல் ஓட்டியதாகக் கம்பெனி அவனுக்குப் பிரீமியத்தில் தனிச் சலுகை கொடுத்தது. அதை வைத்துத்தான் தான் வாங்கிய புதுக் காரைத் தன் பெயரில் இன்ஷூர் செய்திருந்தான்.

மருமகள் பெத்தன் அந்தச் சலுகைக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் பெருமையாக ஒட்டினாள்.

"மாப்லியை இன்னிக்கு நான் ஸ்கூல்ல விட்டுட்டு வரட்டுமா?" என்று பேத்தியைக் காட்டிக் கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க, மெரெரிட். அஞ்சு வருஷத்துல மூணு தடவை இடிச்சிருக்கீங்க. போன தடவை பஸ் ஸ்டாப்பையே சாய்ச்சிட்டீங்க. உங்களை நம்பி எப்படிக் குழந்தையை அனுப்புறது?" என்றாள் பெத்தன்.

ரோட்ரி தலை நிமிராமல் ரொட்டியில் வெண்ணெய் தடவினான்.

"நீயாவது சொல்லேன்டா."

"விடும்மா. அவ சொல்றது சரிதானே?"

வெளியே ஸ்வான்ஸீ நகரத்து மழை கொட்டியது. பேத்தியைப் பின் சீட்டில் உட்கார வைத்து பெத்தன் பெல்ட் போட்டாள். ரோட்ரி ஒரு கையால் காரைக் கிளப்பினான். மறு கையில் போன், கண்ணும் அதிலேயே.

நனைந்தபடி ஓடிப்போய்க் காரை மறித்து நின்றேன்.

"பெத்தன், குழந்தையை இறக்கு!"

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"'சலுகை போயிடும்மா'ன்னு இவன் அழுதான். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஓட்டினேன்னு கையெழுத்துப் போட்டேன். அந்த மூணு தடவையும் நான் கார்லயே இல்ல."