அடுப்படி மூலை

ஜெசிந்தாவின் அப்பா விடியற்காலையில் செத்துப்போனார். உடலைக் கிடத்த வீட்டில் இடமில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில் எல்லா வீட்டு முன்னறைகளும் கப்பலில் வரும் பிளாஸ்டிக் குப்பைக்கு வாடகைக்குப் போய்விட்டன. ஜெசிந்தா வீட்டில் தரையிலிருந்து கூரைவரை, எந்த நாட்டிலோ யாரோ வழித்துத் தின்ற தயிர்க் கிண்ணங்கள் சீல் வைத்த மூட்டைகளாக நின்றன. அடுப்படி மூலையில்தான் அப்பா இத்தனை வருஷமும் முடங்கிப் படுத்தார். செத்த பிறகாவது காலை நீட்டட்டும் என்று, தெருவில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள்.

மழை தூறியது. ஜெசிந்தா ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தாள். சீலில் பொருத்தியிருந்த மணி அலறியது. சற்று நேரத்தில் குப்பைக் கம்பெனி மேற்பார்வையாளன் பைக்கில் வந்து இறங்கினான்.

"மூட்டையத் தொடக்கூடாதுன்னு தெரியும்லாக்கா?"

"அடக்கம் முடியுற வரைக்கும் நாலு மூட்டைய வெளிய வைக்கேன், தம்பி."

"நனைஞ்சா அனுப்புனவங்க ஒத்துக்க மாட்டாங்க. அவங்க ஊர்ல எரிச்சா புகை, புதைச்சா வரி. அதுக்குத்தான உங்களுக்கு வாடகை தாராங்க."

"ஏல, குப்பை நனையக்கூடாது, எங்கப்பா நனையலாமோ?"

அவன் செருப்போடு அடுப்படிவரை போய், சுருட்டாமல் கிடந்த பாயைக் காலால் ஒதுக்கினான்.

"இது அவரு படுத்த எடமாக்கா?"

"ஆமா."

"இங்க இன்னொரு மூட்டை தாங்கும். மத்தியானம் வண்டி வரும், வீட்ல இருங்க."